மழைக்காலத்தில் ஊர்ப் பள்ளியில் படிப்பு நடக்கிறதா?

2024 செப்டம்பர் 28, காலை (கேள்வி)

கடலூர் பக்கம், தென்பெண்ணைக் கரையோர ஊர். பொண்ணு இரண்டாம் வகுப்பு, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. திருப்பூரில் இருந்துவிட்டு இந்த வருஷம்தான் குடும்பத்தோடு ஊருக்கு வந்தோம். நேற்றோடு பரீட்சை முடிந்து லீவு விட்டாச்சு. அடுத்து ஆயுத பூஜை, தீபாவளி, அப்புறம் மழை லீவு, டிசம்பர் வரை பள்ளியே ஒழுங்காக நடக்காது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டே டீச்சர். மஞ்சக்குப்பத்தில் வேன் வருகிற பள்ளி ஒன்றில் இப்போதே மாற்றிவிடலாமா என்று யோசனை. இந்த மூன்று மாதம் சின்னப் பள்ளிக்கூடத்தில் என்னதான் நடக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செப்டம்பர் 28, இரவு

தம்பி, நானும் அதே ஆற்றங்கரைக்காரிதான், பக்கத்து ஊர். பையன் நான்காம் வகுப்பு. நான் படித்த பள்ளியிலேயே அவனும் படிக்கிறான். ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுவை எல்லா ஊரிலும் புதிதாக அமைத்தார்களே, அதில் நானும் உறுப்பினர். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

லீவு நாட்களைக் கூட்டிப் பார்த்துப் பள்ளியை எடை போடாதீர்கள். ஆயுத பூஜையும் தீபாவளியும் மஞ்சக்குப்பத்துப் பள்ளிக்கும் உண்டு. மழைக்கு கலெக்டர் லீவு விட்டால் மாவட்டம் முழுக்கத்தான் லீவு.

இரண்டு டீச்சர் விஷயம். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். எங்கள் பள்ளியில் முப்பத்துச் சொச்சம் பிள்ளைகள். ஐந்து வகுப்பை இரண்டு பேர் நடத்துவது கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் நடக்கிற விதத்தை ஒரு நாள் வாசலில் நின்று பாருங்கள். எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு வகுப்புவாரியாக மட்டும் உட்கார வைப்பதில்லை. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்ற வேலை கொடுக்கிறார்கள். உங்கள் பொண்ணு ஜூனில் எந்த நிலையில் இருந்தாள், இப்போது எதில் இருக்கிறாள் என்று டீச்சரிடம் கேளுங்கள். வேன் பள்ளியைப் பற்றி முடிவு எடுப்பது அதற்கப்புறம்.

இன்னொன்று, தொடக்கப் பள்ளிக்கு முப்பருவ முறை. முதல் பருவம் நேற்றோடு முடிந்தது. பள்ளி திறந்ததும் இரண்டாம் பருவத்துக்குப் புதுப் புத்தகம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை முழுதாக ஒரு பருவம், நடுவில் தொங்குகிற மாதங்கள் இல்லை. இப்போது பள்ளி மாற்றினால் அந்தப் பருவத்தைத்தான் பிள்ளை இழக்கும்.

செப்டம்பர் 30

வேன் பற்றி மட்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை காலை ஏழேகாலுக்கு ரோட்டோரம் நிற்க வேண்டும். ஐப்பசி மழையில், பாதித் தூக்கத்தில், சாப்பிட்டும் சாப்பிடாமலும். என் நாத்தனார் பிள்ளை அப்படித்தான் ஒரு வருஷம் போய்வந்தது. மழை நாளில் திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்று வேன்காரருக்கே தெரியாது, வீட்டில் யாரும் அடுப்பைப் பற்றவைக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊர்ப் பள்ளியில் மழை வந்தால் பாட்டியோ பெரியப்பாவோ குடையை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவந்துவிடுகிறார்கள்.

அக்டோபர் 2, மாலை

இன்று கிராம சபைக்குப் போனேன். பள்ளிக்கூடத்துக்கும் கிராம சபைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு அக்கா கேட்டார். நிறைய இருக்கிறது. பள்ளிக்குப் போகிற வழியில் ஒரு வாய்க்கால், அதன்மேல் சின்னப் பாலம், ஒரு பக்கம் கைப்பிடி உடைந்து கிடக்கிறது. தண்ணீர் ஏறினால் பாலம் எது, வாய்க்கால் எது என்று தெரியாது. பெரியவர்களே தடுமாறுவார்கள். மழைக்கு முன்னால் கைப்பிடி கட்ட வேண்டும், மேற்கு வகுப்பறைக் கூரை ஒழுகுவதைப் பார்க்க வேண்டும் என்று இரண்டையும் தீர்மான நோட்டில் எழுத வைத்தோம். "வாயால் சொன்னா போதும்மா" என்றார் ஒருவர். போதாது என்று நாலைந்து அம்மாக்கள் ஒரே நேரத்தில் சொன்னோம். எழுதினார்கள். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டோம்.

மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. தம்பி, உங்கள் ஊர்ப் பள்ளியிலும் குழு இருக்கும். கூட்டம் எப்போது என்று கேட்டுவிட்டுப் போய் உட்காருங்கள்.

அக்டோபர் 8

நேற்று பள்ளி திறந்தது. புதுப் புத்தகம் வந்துவிட்டது. என் பையன் இரவு முழுக்க அதை முகர்ந்துகொண்டிருந்தான்.

பெரிய செய்தி பனங்கொட்டை. லீவில் ஆளுக்கு நாலு கொட்டை பொறுக்கி வரச் சொல்லியிருந்தார் தலைமையாசிரியர். பிள்ளைகள் கேட்பார்களா, சாக்குச் சாக்காக வந்து இறங்கிவிட்டது. பழுத்து விழுந்து, சதை பாதி காய்ந்து, நாரெல்லாம் மண் ஒட்டி, பள்ளி முழுக்கப் பனம்பழ வாசனை. ஒரு பழத்துக்கு மூன்று கொட்டை, சிலதில் இரண்டு. எத்தனை பழத்திலிருந்து இவ்வளவு கொட்டை என்பதே மூன்றாம் வகுப்புக்கு அன்றைய கணக்காகிவிட்டது.

ஊரில் முன்பு பனையேறிய தாத்தா ஒருவர் இருக்கிறார். வயது எண்பதுக்குக் குறையாது. அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். அவர் செய்த முதல் காரியம், போன வாரமே தான் வீட்டில் முளைகட்டி வைத்திருந்த ஒரு கொட்டையை மடியிலிருந்து எடுத்துக் காட்டியது. கொட்டையின் கண்ணிலிருந்து வெள்ளையாக, சுண்டுவிரல் கனத்தில் ஒரு குழல் நீட்டிக்கொண்டிருந்தது. "இது என்ன?" என்று கேட்டார். வேர் என்றார்கள், தண்டு என்றார்கள். ஒரு குட்டிப்பெண் "வால்" என்றாள். அது மண்ணுக்குள் நேராகக் கீழே இறங்கும், இறங்கி அதன் நுனியில்தான் கிழங்கு கட்டும், கிழங்கிலிருந்துதான் இலை மேலே வரும் என்றார். இத்தனை வருஷம் பனங்கிழங்கு அவித்துத் தின்றிருக்கிறேன், அது இப்படி உருவாகிறது என்று நேற்றுத்தான் கண்ணால் பார்த்தேன்.

கொட்டைகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதியை ஏரிக்கரையில் ஆளுக்கொரு குழியில் போட்டார்கள். மீதியைப் பள்ளிக்குப் பின்னால் மணல் மேடு கட்டி, அதன்மேல் நெருக்கமாக அடுக்கி மண் மூடினார்கள். அது கிழங்குப் பாத்தி. ஆவணியிலேயே போட்டிருந்தால் பொங்கலுக்கு நல்ல கிழங்கு கிடைத்திருக்கும், இப்போது போட்டால் தையில் ஒல்லியாகத்தான் இருக்கும் என்றார் தாத்தா. பரவாயில்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் "நான் போட்டது ஆண் பனையா, பெண் பனையா?" என்று கேட்டான். பாளை விட்டால்தான் தெரியும், அதற்குப் பன்னிரண்டு பதினைந்து வருஷமோ அதற்கு மேலோ ஆகும் என்றதும் அவன் விரல் விட்டு எண்ணி, "அப்போ எனக்கு இருபத்தஞ்சு வயசு" என்று சொன்னதைக் கேட்டு டீச்சருக்கே கண் கலங்கிவிட்டது.

இது பாடம் இல்லையா? இது பாடம்தான். முளைத்தல், எண்ணுதல், கட்டுரை எழுதுதல் எல்லாம் இதிலேயே வந்துவிட்டது. நேற்று வீட்டுக்கு வந்து என் பையன் ஒரு பக்கம் எழுதினான், யாரும் சொல்லாமல்.

அக்டோபர் 12, இரவு

விஜயதசமி. சனிக்கிழமை, லீவு நாள், ஆனாலும் புதுச் சேர்க்கைக்காகப் பள்ளி திறந்திருந்தது. தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து "அ" எழுத வைத்தார்கள். மூன்று பேர் அங்கன்வாடிக்கு, ஒரு பையன் நேராக ஒன்றாம் வகுப்புக்கு. அவன் அப்பா செங்கல் சூளை வேலைக்குப் போய்த் திரும்பியவர், பிள்ளை இதுவரை எந்தப் பள்ளியிலும் இல்லை. நடுவில் வந்தான் என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று பிள்ளைகளுக்குள் போட்டியே நடந்தது.

அக்டோபர் 19

15-ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலை மையம் சொன்னது. அன்றே எங்கள் பள்ளியில் மழைமானி வைத்துவிட்டார்கள். பெரிய பிளாஸ்டிக் டப்பா, ஊறுகாய் வருமே அந்த மாதிரி, ஆனால் வாயும் அடியும் ஒரே அகலம். வெளிப்பக்கம் ஸ்கேல் ஒட்டியிருக்கிறது. 20 செ.மீ. வரை அளக்கலாம். முதலில் ஒரு குழு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் புனல் வைத்துச் செய்து வந்தது. புனல் அகலம், பாட்டில் குறுகல், அதனால் கொஞ்ச மழைக்கே உயரமாகக் காட்டியது. ஏன் இப்படி என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்க விட்டார் தலைமையாசிரியர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அகன்ற இடத்தில் விழுந்த தண்ணீரை ஒடுக்கமான இடத்தில் அளக்கிறோம் என்று நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி பிடித்துவிட்டாள்.

அப்புறம் ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். வகுப்பறைக் கூரையைக் கயிறு பிடித்து அளந்தார்கள், 10 மீட்டருக்கு 6 மீட்டர். 1 செ.மீ. மழை பெய்தால் 600 லிட்டர். எவ்வளவு என்று யாருக்கும் மனதில் வரவில்லை. குடம் 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 40 குடம் என்றதும்தான் வாயைப் பிளந்தார்கள், ஏனென்றால் வீட்டில் தண்ணீர் பிடிப்பது அவர்கள்தானே. "அப்போ மழை நாளில் நாம எதுக்கு டீச்சர் பைப்புக்குப் போறோம்?" என்று ஒரு கேள்வி. கூரைத் தண்ணீரைப் பிடிக்கக் குழாய் போட வேண்டும் என்று அடுத்த குழுக் கூட்டத்துக்கு அது பொருளாகிவிட்டது.

அக்டோபர் 20

நேற்று எழுதியதற்கு ஓர் அண்ணன் நல்ல திருத்தம் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் சாயங்காலம் பள்ளி விடும்போது அளக்கிறார்கள், அதனால்தான் பேப்பரில் வருகிற அளவோடு ஒத்துப்போகவில்லை. வானிலை மையம் காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை பெய்ததைத்தான் ஒரு நாள் மழை என்று கணக்கு வைக்கிறது. தலைமையாசிரியரிடம் சொன்னேன், நாளையிலிருந்து காலை 8.30. காலைச் சாப்பாடு முடிந்து கை கழுவும் நேரம், தோதாகத்தான் இருக்கிறது.

பலகையில் இதையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6 தாண்டினால் மிகக் கனமழை, 204.5-லிருந்து அதிகனமழை. டிவியில் இந்த வார்த்தைகளைக் கேட்டால் என் பையன் இப்போது எங்களுக்கு விளக்கம் சொல்கிறான்.

அக்டோபர் 26

காலைச் சாப்பாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள், தம்பி. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் வந்துவிட்டது. புதன் என்றால் பொங்கல் சாம்பார், மற்ற நாளில் உப்புமா, கிச்சடி.

இதன் அருமை இப்போதுதான், நடவு காலத்தில்தான் தெரியும். சம்பா நடவு ஓடுகிறது. அம்மாக்கள் ஐந்து மணிக்கே நாற்றங்காலுக்குப் போய்விடுகிறார்கள். முன்பெல்லாம் இந்த மாதங்களில் மூத்த பிள்ளை பள்ளிக்கு வராது, வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும். நானே அப்படி நின்றிருக்கிறேன். நீராகாரம் கரைத்து தம்பிக்குக் கொடுத்துவிட்டு, பள்ளி மணி அடிப்பதைத் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டு. இப்போது மூத்ததும் இளையதும் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு மணிக்கே வந்துவிடுகின்றன, சூடாகச் சாப்பிடுகின்றன. இளையது அங்கன்வாடிக்கு, மூத்தது வகுப்புக்கு. நடவு மாதத்தில் வருகைப் பதிவேடு குறையவில்லை என்று டீச்சர் சொன்னபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

சமைக்கிற அக்கா எங்கள் தெருதான். எந்தப் பிள்ளை வெங்காயத்தை ஒதுக்கும் என்பது வரை அவருக்குத் தெரியும்.

நவம்பர் 9

தீபாவளிக்கு மறுநாள் லீவு விட்டார்களே, அதற்கு ஈடாக இன்று சனிக்கிழமை பள்ளி. பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று நினைத்தோம். இன்று பனங்கொட்டைப் பாத்தியில் ஒன்றைத் தோண்டிப் பார்க்கிற நாள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் கிட்டத்தட்ட எல்லோரும் ஆஜர். தோண்டினார்கள். குழல் ஒரு சாண் இறங்கியிருந்தது. அளந்து நோட்டில் எழுதிவிட்டுத் திரும்ப மூடிவிட்டார்கள். மற்றவற்றை யாரும் தொடக்கூடாது என்று பாத்தியைச் சுற்றிக் கயிறு கட்டியாயிற்று.

நவம்பர் 15

நேற்று குழந்தைகள் தினம். மாறுவேடம், பாட்டு, மிட்டாய் எல்லாம் வழக்கம்போல. அதைவிட எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய இரண்டு வாரம் நடந்த வேலை. நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் "நீங்கள் பார்த்த பெரிய மழை எது, புயல் எது" என்று கேட்டு எழுதி வர வேண்டும். நேற்று பெரியவர்களையும் அழைத்து வைத்துக்கொண்டு வாசித்தார்கள்.

2011 டிசம்பர் 30-ல் அடித்த ‘தானே’ புயலைப் பற்றித்தான் நிறைய. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தது, எத்தனையோ நாள் கரண்ட் இல்லாமல் இருந்தது. ஒரு பாட்டி சொல்லி அவர் பேத்தி எழுதியது: "விடியக்காலையில் காற்று நின்றது என்று வெளியே வந்தோம், மறுபடி எதிர்ப் பக்கத்திலிருந்து அடித்தது." புயலின் கண் கடக்கும்போது அப்படித்தான் ஆகும் என்று தலைமையாசிரியர் போர்டில் வட்டம் போட்டு விளக்கினார். பாட்டி "எனக்கு அப்பவே யாராவது இதைச் சொல்லியிருந்தா வெளியே வந்திருக்க மாட்டேனே" என்றார்.

2004 சுனாமியைத் தேவனாம்பட்டினத்தில் பார்த்த ஒரு மாமாவும் வந்திருந்தார். பிள்ளைகள் முன்னால் எவ்வளவு சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கடல் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாதே, மேட்டுக்கு ஓடு என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இந்த நோட்டுகளை அலமாரியில் தனியாக வைக்கப் போகிறார்கள். ஊர்க்காரர் வாயிலிருந்து ஊர்ப் பிள்ளைகள் எழுதியது. வேன் பள்ளியில் யாரிடம் போய்க் கேட்பார்கள்? அந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊர்.

நவம்பர் 23

நவம்பர் 1-ல் நடக்க வேண்டிய கிராம சபை தீபாவளியால் இன்றைக்குத் தள்ளிப்போனது. பாலத்துக் கைப்பிடி என்னாச்சு என்று கேட்டோம். மதிப்பீடு போட்டாயிற்றாம், வேலை இன்னும் வரவில்லை. அக்டோபர் நோட்டைத் திறந்து தீர்மானத்தை வாசிக்கச் சொன்னோம். மழை தொடங்கி ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. அதனால் ஊரிலேயே மூங்கில் வாங்கி இந்த ஞாயிற்றுக்கிழமை தற்காலிகமாகக் கட்டிவிடுவது என்று முடிவு. மூங்கில் ஒரு பெரியப்பா கொடுக்கிறார். கயிறு நான்.

நவம்பர் 27

லீவு. புயல் வரும் என்கிறார்கள். இன்று பத்து மணி வரை வெறும் மேகம், ஒரு துளி இல்லை.

இதைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு கருத்து உண்டு. மழைக்கு மாவட்டம் முழுக்க ஒரே லீவு விடுவது சின்னப் பள்ளிக்குத் தேவையில்லை, பிள்ளைகள் நடந்துவரும் தூரத்தில்தான் இருக்கிறார்கள், தலைமையாசிரியரும் மேலாண்மைக் குழுவும் சேர்ந்து முடிவெடுக்க விட வேண்டும். லீவு விட்டால் பிள்ளைகள் வீட்டிலா இருக்கிறார்கள்? வாய்க்காலில் மீன் பிடிக்கப் போய்விடுகிறார்கள். பள்ளியில் இருப்பது அதைவிடப் பத்திரம்.

அதனால் இன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்தேன். பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்த கதைப் புத்தகங்களும் நாலைந்து பழைய ‘ஊஞ்சல்’ சிறுவர் இதழும் இருந்தன. பெரியது சின்னதுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் விதி. பத்து மணிக்கு ஐந்து பேர், பதினொன்றுக்குத் திண்ணை கொள்ளவில்லை.

துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள் என்று டிவியில் சொன்னதும் "கூண்டுக்குள்ள என்ன இருக்கும் அத்தை?" என்று கேட்டார்கள். ஒன்றும் இருக்காது, கப்பல்காரர்களும் மீனவர்களும் தூரத்திலிருந்து பார்த்துப் புரிந்துகொள்ள கூம்பும் உருளையுமாகக் கம்பத்தில் ஏற்றுவார்கள், இரவில் அதற்குப் பதில் விளக்கு, 1 என்றால் புயல் தூரத்தில் எங்கோ உருவாகிறது, 10 வரை போகப் போக ஆபத்து அதிகம், 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று சொன்னேன். பதினொன்றைக் கேட்டதும் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள்.

டிசம்பர் 1

கரண்ட் இல்லை, சார்ஜ் கொஞ்சம்தான். ஃபெஞ்சல் நேற்று ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறி, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேலாம். எங்கள் பள்ளி டப்பா 20 வரைதான், நிரம்பி வழிந்திருக்கிறது. பையன் காலையில் மழையில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து "20+" என்று எழுதி வைத்திருக்கிறான். வீட்டில் எல்லோரும் நலம்.

டிசம்பர் 7

இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

மழை நின்ற பிறகுதான் எங்களுக்கு வந்தது. திருவண்ணாமலைப் பக்கம் பெய்த மழைக்குச் சாத்தனூர் அணை நிரம்பி, 2-ஆம் தேதி விடியற்காலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அத்தனையும் தென்பெண்ணையில்தானே வரும். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல். கீழ்த்தெருவில் இடுப்புக்கு. பள்ளிக்கூடம் மேட்டில் இருப்பதால் அங்கே தண்ணீர் குறைவு, கீழ்த்தெரு முழுக்க அங்கேதான் தங்கியது. சமைக்கிற அக்கா சத்துணவு அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். யாரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. தலைமையாசிரியர் கடலூரிலிருந்து வர வழியில்லை, போனிலேயே எந்தச் சாவி எங்கே, ஸ்டோரில் அரிசி எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் வீடும் தண்ணீரில்.

மூங்கில் கைப்பிடி நின்றது. அதைப் பிடித்துக்கொண்டுதான் வயதானவர்களைப் பள்ளிக்குக் கொண்டுபோனோம்.

27-ஆம் தேதி நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்தது நல்லது, அதில் மாற்றமில்லை. ஆனால் லீவை உள்ளூரிலேயே முடிவு பண்ணலாம் என்பதில் எனக்கு முன்பிருந்த உறுதி இப்போது இல்லை. எங்கள் ஊரில் வெயில் அடிக்கும்போது நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் அணையைத் திறக்கிறார்கள். அந்தத் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று மேலே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். எங்களுக்கு அந்தத் தகவல் நேரத்தோடு வந்து சேர வேண்டும். சண்டை போட்டுக் கேட்க வேண்டியது அதைத்தான்.

டிசம்பர் 8

பாத்தி என்னாச்சு என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பாத்திமேல் நாலு விரற்கடை வண்டல். தாத்தா வந்து குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு, கொட்டைக்கு ஒன்றும் ஆகாது, இந்த மண் இன்னும் நல்லது என்றார். ஏரிக்கரையில் போட்டதில் ஒரு பகுதி கரையோடு அரித்துப் போய்விட்டது. அடுத்த ஆவணியில் அந்த இடத்துக்கு மறுபடி போடுவார்கள்.

டிசம்பர் 17

பள்ளி நடக்கிறது. முதல் இரண்டு நாள் பாடம் இல்லை. பெஞ்சு கழுவி, நனைந்த புத்தகங்களைக் கொடியில் காயப்போட்டார்கள், அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தவை போய்விட்டன. பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நோட்டுகள் மேல்தட்டில் இருந்ததால் தப்பின. ஐந்தாம் வகுப்பு இப்போது இந்த வெள்ளத்தையும் எழுதி அதில் சேர்க்கிறது. விஜயதசமிக்கு வந்த சூளைக்காரர் பையன் மொட்டுக்கு வந்துவிட்டான், தன் பெயரை எழுதுகிறான். பருவத் தேர்வு இந்த வாரம் இல்லை, முதலில் விட்டுப்போன பாடம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

தம்பி, மாற்றவில்லை, மே மாதம் வரை இங்கேயே படிக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். பொண்ணு மலர் நிலைக்கு வந்ததையும் சொன்னீர்கள், ரொம்ப சந்தோஷம். உங்கள் ஊரிலும் தண்ணீர் வந்ததே, அதனால் மூன்று வேலை. புத்தகம் நனைந்த பிள்ளைகளின் பட்டியலைத் தலைமையாசிரியர் எடுக்கிறாரா என்று கேட்டு, உங்கள் பொண்ணு பெயரைச் சேருங்கள். பள்ளித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டார்களா என்று நேரில் பாருங்கள், மாடியில் தேங்கிய தண்ணீரையும் சேர்த்து, இது கொசு பெருகுகிற நேரம். அப்புறம் அடுத்த கிராம சபை ஜனவரி 26-ல். உங்கள் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று மேலாண்மைக் குழுவில் இப்போதே பேசி எழுதி வைத்துக்கொண்டு போங்கள். எங்கள் பட்டியலில் முதலில் பாலத்துக்கு சிமெண்ட் கைப்பிடி, இரண்டாவது கூரைத் தண்ணீர்க் குழாய், மூன்றாவது அணை திறந்தால் ஊருக்கு மைக்கில் அறிவிப்பு.